விண்மீனில் எத்தனை டச் இரும்பு?

சேலம் பனங்காட்டில் என் தாய்மாமாவுக்கு ஒரு கொலுசுப் பட்டறை இருக்கிறது. போன தீபாவளி நெருக்கத்தில் அங்கே போயிருந்தபோது, செவ்வாய்ப்பேட்டையில் டச் பார்த்துவிட்டு வந்த துண்டுச் சீட்டை மாமா என்னிடம் நீட்டினார். வெள்ளி இத்தனை, செம்பு இத்தனை, துத்தநாகம் இத்தனை என்று அச்சடித்த சின்னக் காகிதம். நூறு பங்கில் வெள்ளி எத்தனை பங்கோ அதுதான் டச். எண்பது டச் என்றால் எண்பது சதவீதம். அந்தக் காலத்தில் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார்கள். இப்போது கொலுசை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினால் கொஞ்ச நேரத்தில் சீட்டு வந்துவிடுகிறது. உருக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்.

அன்றைக்கு அவர் பேரனுக்கு நான் இரும்பே அதிகம் இல்லாத பழைய விண்மீன்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா காதில் விழுந்துவிட்டது.

“ஏன் மாப்ள, தொடவே முடியாத நட்சத்திரத்துல இரும்பு கம்மின்னு எப்படிச் சொல்றாங்க? துண்டு வெட்டிட்டு வந்து டச் பாத்தாங்களா?”

“வெட்ட வேண்டியதில்லைங்க மாமா. அந்தப் பெட்டிக்குள்ள நடக்கிறதுதான் அங்கயும் நடக்குது.”

அதோடு விட்டிருக்கலாம். “அப்ப வெள்ளி எத்தனை டச்?” என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையில் பாதி அவருக்காக எழுதுவது.

நான் ஃபவுண்டரி லேபில் வேலை பார்த்தவன். உலையில் இரும்பு உருகிக் கிடக்கும்போது கரண்டியில் கொஞ்சம் அள்ளி ஒரு வில்லையாக வார்த்து லேபுக்குக் கொண்டுவருவார்கள். அதைச் சாணை பிடித்து ஸ்பெக்ட்ரோவில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், ஆர்கான் வாயுவுக்குள் ஒரு பொறி பறக்கும். அந்தப் பொறியின் ஒளியைக் கருவி நிறம் நிறமாகப் பிரிக்கும். மாங்கனீசு தனக்கே உரிய சில நிறங்களில் மட்டும் ஒளிரும், குரோமியம் வேறு சில நிறங்களில், நிக்கல் வேறு சிலவற்றில். எந்த நிறம் எவ்வளவு பிரகாசம் என்று அளந்தால் எந்த உலோகம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மாமாவின் பெட்டியில் பொறிக்குப் பதில் எக்ஸ் கதிர். மற்றபடி சங்கதி ஒன்றுதான்: அணுவைச் சீண்டினால் அது தன் கையெழுத்தைப் போட்டுக் காட்டும்.

விண்மீனில் இது தலைகீழாக நடக்கிறது. உள்ளிருந்து எல்லா நிறமும் கலந்த ஒளி வருகிறது. மேலே சற்றுக் குளிர்ந்த வாயுப் படலம். அதிலுள்ள அணுக்கள் தங்களுக்குரிய நிறங்களை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதை வெளியே விடுகின்றன. அதனால் நிறமாலையில் பளிச்சென்ற கோடுகளுக்குப் பதில் கருங்கோடுகள். 1814-இல் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கருங்கோடுகளைக் குறித்தார். அவற்றில் முக்கியமானவற்றுக்கு எழுத்துகளால் பெயர் வைத்தார். பச்சைப் பகுதியில் 527 நானோமீட்டரை ஒட்டி அவர் ‘ஈ’ என்று பெயரிட்டது பெரும்பாலும் இரும்பின் கோடு. அதற்குப் பக்கத்திலேயே, 517, 518 நானோமீட்டர் அருகே, ‘பி’ என்று குறித்த தொகுதியில் முக்கியமான மூன்றும் மக்னீசியத்தின் கோடுகள். இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள்.

வானியலாளர்களிடம் ஒரு வேடிக்கையான பழக்கம் உண்டு. ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்கள் ‘உலோகம்’ என்றே சொல்வார்கள். ஆக்சிஜன் உலோகம், கார்பன் உலோகம், நாம் மூச்சில் இழுக்கும் நைட்ரஜனும் உலோகம். ஃபவுண்டரியில் இப்படிப் பேசினால் வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் உண்டானவை ஹைட்ரஜனும் ஹீலியமும் துளி லித்தியமும்தான். மற்றதெல்லாம் பிறகு விண்மீன்கள் சமைத்தவை. சமைத்தது, சமைக்காதது என்று பிரிப்பதற்கு அவர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அதுதான் உலோகம்.

சூரியனின் மேற்பரப்பிலிருந்து ஒரு கிலோ எடுத்து நிறுத்தால் ஏறத்தாழ 740 கிராம் ஹைட்ரஜன் இருக்கும், 250 கிராமுக்குச் சற்றுக் குறைவாக ஹீலியம் இருக்கும். மீதி எல்லாத் தனிமங்களும் சேர்ந்தே 14 கிராமுக்குள் அடக்கம். அதில் இரும்பு 1.3 கிராம். பனங்காட்டுக் கணக்கில் சூரியன் 0.13 டச் இரும்பு. பூமியோ எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரும்பு. கஞ்சமலை ஓடை மணலில் காந்தத்தைப் புரட்டிக் கரு மணலை மயிர்க்கூச்செறிந்தது போல ஒட்டவைத்து விளையாடிய எங்களுக்கு, இரும்பு எங்கும் கொட்டிக் கிடக்கும் சாமான் என்றுதான் நினைப்பு. பிரபஞ்சத்தின் பொதுக் கணக்கில் அது அரிய சரக்கு.

இனி அந்தப் பழைய விண்மீன். துலாம் ராசிப் பகுதியில், நமக்கு ஏறத்தாழ 200 ஒளியாண்டு தூரத்தில் ஹெச்.டி. 140283 என்று ஒன்று இருக்கிறது. பைபிளில் மிக நீண்ட காலம் வாழ்ந்தவராக வரும் மெத்தூசலாவின் பெயரை அதற்குச் செல்லப் பெயராக வைத்திருக்கிறார்கள். நான் கிழவன் என்றே சொல்கிறேன். கிழவனின் மேற்பரப்பு வெப்பநிலை சூரியனுடையதற்கு மிக அருகில் வருகிறது, 5,800 கெல்வின் அளவில். ஆனால் இரண்டின் நிறமாலைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், சூரியனுடையது சீப்புப் பல் போல நெருக்கமான கோடுகளோடு இருக்கும். கிழவனுடையதில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். இரும்பு சூரியனில் உள்ளதில் சுமார் 250-இல் ஒரு பங்கு. ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம். சூரியனில் 32,000 ஹைட்ரஜன் அணுவுக்கு ஓர் இரும்பு அணு கிடைக்கும். அங்கே எண்பது லட்சத்துக்கு ஒன்று.

இதை முதலில் கண்டவர்கள் பட்ட பாடு எனக்கு மிகவும் பிடித்த கதை. காரணம், அதே தப்பின் மறுபக்கத்தை நான் செய்திருக்கிறேன்.

கோடு மங்கலாக இருந்தால் அந்தத் தனிமம் குறைவு என்று உடனே முடிவு கட்ட முடியாது. வெப்பநிலை ஏறினால் அணு தன் எலக்ட்ரானை இழந்துவிடும். இழந்த அணு பழைய கோட்டைப் போடாது. எந்த வெப்பத்தில் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று கணக்கிடும் சமன்பாட்டை 1920-இல் கொடுத்தவர் மேகநாத் சாஹா. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1925-இல் செசிலியா பெய்ன், விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகப் பெரும்பங்கு என்று தன் ஆய்வேட்டில் கண்டார். இரும்புக் கோடுகள் எக்கச்சக்கமாகத் தெரிவதால் சூரியன் பூமியைப் போன்ற சரக்கால் ஆனது என்று பெரியவர்கள் நம்பிய காலம் அது. அவர்களில் ஒருவரான ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் சொன்னதைக் கேட்டு, தன் முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று பெய்னே எழுத வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளில் ரஸ்ஸலும் அதே முடிவுக்கு வந்தார். சரி, அது தனிக் கதை.

ஹெச்.டி. 140283-ம், ஹெச்.டி. 19445 என்ற இன்னொன்றும் கோடுகள் மங்கிய விண்மீன்கள். மங்கலைப் பார்த்து இவை சூடானவை என்று அதற்கேற்ற வகையில் போட்டு வைத்திருந்தார்கள். 1951-இல் ஜோசப் சேம்பர்லைன், லாரன்ஸ் ஆலர் இருவரும் கோடுகளை ஒவ்வொன்றாக அளந்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. வெப்பம் அவ்வளவு இல்லை, சரக்கே குறைவு. இரும்பு சூரியனில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் சொன்னார்கள். எல்லா விண்மீனும் ஒரே கலவை என்று நம்பிய காலத்தில் அதுவே பெரிய துணிச்சல். இன்றைய அளவீட்டில் பத்தில் ஒன்று என்பது ஹெச்.டி. 19445-க்கு நூறில் ஒன்றாகவும், கிழவனுக்கு 250-இல் ஒன்றாகவும் இறங்கிவிட்டது. தைரியமாகச் சொன்னவர்களே போதுமான அளவு தைரியம் காட்டவில்லை.

என் தப்பு இதுதான். ஒருநாள் ஸ்பெக்ட்ரோவில் ஹீட்டுக்கு ஹீட், அதாவது ஒவ்வொரு உருக்கலுக்கும், கார்பன் குறைவாகக் காட்டியது. நானும் குறைவென்றே எழுதிக்கொடுத்தேன், உலையில் கார்பன் சேர்த்தார்கள். வார்ப்பு கடினமாகிப் போய் மெஷின் ஷாப்பில் டூல் உடைந்த பிறகுதான் பார்த்தோம், ஆர்கான் சிலிண்டர் சரியில்லை. பொறி ஒழுங்காகவே விழவில்லை. வில்லையில் கறுப்பு வளையத்தோடு இருக்க வேண்டிய புள்ளி வெளுத்துப் போயிருந்தது. சரக்கு சரியாக இருந்தும் நான் குறைவு என்றேன். 1951-க்கு முன்பு சரக்கு குறைவாக இருந்தும் வெப்பத்தின் மேல் பழி போட்டார்கள். இரண்டிலும் கோடு மங்கலாகத் தெரிந்ததற்கு ஒரு காரணத்தோடு நின்றுவிட்டதுதான் குற்றம்.

இதற்குத்தான் லேபில் ஸ்டாண்டர்டு சாம்பிள் வைத்திருப்போம். கலவை உறுதியாகத் தெரிந்த வில்லை. காலையில் முதலில் அதை வைத்துப் பொறி விட்டு, கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்போம். வானியலாளருக்கு அந்த வில்லை சூரியன். எந்த விண்மீனின் இரும்பையும் ‘சூரியனோடு ஒப்பிட்டால் இத்தனை பங்கு’ என்றே சொல்வார்கள். அதிலும் பத்தின் மடங்குகளில்: மைனஸ் ஒன்று என்றால் பத்தில் ஒன்று, மைனஸ் இரண்டு என்றால் நூறில் ஒன்று, மைனஸ் மூன்று ஆயிரத்தில் ஒன்று. வெப்பநிலைச் சந்தேகத்தைத் தீர்க்கவும் வழி உண்டு. எலக்ட்ரான் இழக்காத இரும்பின் கோடுகளிலிருந்து ஒரு கணக்கு, இழந்த இரும்பின் கோடுகளிலிருந்து இன்னொரு கணக்கு. இரண்டும் ஒரே அளவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எங்கேயோ ஆர்கான் சரியில்லை என்று அர்த்தம்.

மிகப் பழைய, உலோகம் மிகக் குறைந்த விண்மீன்கள் பெரும்பாலும் வெகு தொலைவில், பால்வீதியின் தட்டைச் சுற்றிக் கவிந்திருக்கும் ஒளிவட்டப் பகுதியில் உள்ளன. 2014-இல் அறிவித்த ஒன்றில் இரும்புக் கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை; சூரியனில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு என்று மட்டும் சொல்ல முடிந்தது. அது சாதனை. ஆனால் ஆயிரக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வருவது சொட்டுச் சொட்டான ஒளி. அதை ஆயிரக்கணக்கான நிறத்துண்டுகளாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டிலும் என்ன மிஞ்சும்? பக்கத்தில் இருக்கும் விண்மீன் என்றால் ஒளி தாராளம். நுண்ணிய கோடுகளும் தெரியும், தூரமும் துல்லியமாகத் தெரியும், எந்தப் பாதையில் ஓடுகிறது என்றும் தெரியும். ஊருக்குள் தங்கியிருக்கும் வெளியூர்க்காரரிடம் நிதானமாக உட்கார்ந்து பேசுவது போல.

வெளியூர்க்காரர் என்று சும்மா சொல்லவில்லை. சூரியனும் அக்கம்பக்கத்து விண்மீன்களில் பெரும்பாலானவையும் பால்வீதித் தட்டில் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. பழைய ஒளிவட்ட விண்மீன்களுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. தட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. பைபாஸில் எல்லா வண்டியும் ஒரே வேகத்தில் போகும்போது குறுக்குச் சந்திலிருந்து ஒரு டிவிஎஸ் 50 பாய்ந்தால் எப்படித் தெரியுமோ, அப்படித் தெரியும். சூரியனைச் சுற்றி ஆயிரம் விண்மீன்களில் ஒன்றோ இரண்டோதான் இந்த ரகம். வானில் விரைந்து இடம் மாறுவதை வைத்தே பலவற்றைப் பிடித்தார்கள். நம் கிழவன் சூரியனோடு ஒப்பிட்டால் வினாடிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. முழு நிலவின் அகலத்தை வானில் கடக்க அதற்கு 1,500 ஆண்டு போதும். விண்மீன் கணக்கில் இது தலைதெறிக்கும் ஓட்டம். இந்த ரகத்தில் நமக்கு மிக அருகில் உள்ளது காப்டெய்ன் விண்மீன், 13 ஒளியாண்டுக்குள். பால்வீதி சுற்றும் திசைக்கு எதிர்த்திசையிலேயே அது சுற்றுகிறது.

வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஒன்று வேண்டுமென்றால் பஞ்சாங்கத்துச் சுவாதியைப் பாருங்கள். மேற்கத்தியர் ஆர்க்டூரஸ் என்பது அதுதான். 37 ஒளியாண்டு தூரம். இரும்பு சூரியனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதனால் ஏழை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கைப்பிடிப்பான குடும்பம். கிரேக்கர் காலத்துப் பட்டியலில் இருந்த இடத்திலிருந்து அது நகர்ந்துவிட்டது என்று 1718-இல் எட்மண்ட் ஹாலி கண்டார். நிலைத்த விண்மீன்கள் என்று நாம் சொல்லி வந்தவை நிலைத்தவை அல்ல என்று முதலில் தெரிந்தது இப்படித்தான்.

இப்போது அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வருவோம்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் ஏறித் திரும்பிப் பார்த்தால், அடிவாரத்துக்கும் ஊருக்கும் நடுவே நிலம் வெள்ளை வெளேரென்று தோண்டிக் கிடக்கும். மேக்னசைட். மக்னீசியமும் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த வெள்ளைக்கல். சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை, இரும்பு. அதன் அடியில்தான் சேலம் உருக்காலையை வைத்தார்கள். வெள்ளைக்கல்லைச் சுட்டுச் செய்த செங்கல்லைத்தான் இரும்பு உருக்கும் உலைகளுக்கு உள்பூச்சாகக் கட்டுவார்கள். இப்படி ஒரே ஊரில் கூடிக் குடித்தனம் நடத்தும் இந்த இரண்டும் பிரபஞ்சத்துக்கு ஒரே நேரத்தில் வரவில்லை. மக்னீசியம் முதலில் வந்தது. இரும்பில் பெரும்பங்கு தாமதமாக வந்தது.

மக்னீசியம், ஆக்சிஜன், சிலிக்கன் எல்லாம் சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள பெரிய விண்மீன்களின் சமையல். அவை அவசரக்காரர்கள். சில பத்து லட்சம் அல்லது சில கோடி ஆண்டுகளில் எரிபொருளைத் தீர்த்துக்கொண்டு நடுப்பகுதி இடிந்து, சூப்பர்நோவாவாக வெடித்துச் சரக்கை வெளியே எறிந்துவிடும். அதில் இரும்பும் கொஞ்சம் உண்டு. ஆனால் சூரியனில் இருக்கும் இரும்பில் பாதிக்கு மேல் வேறு வழியாக வந்தது. சூரியன் போன்ற நடுத்தர விண்மீன் இறந்து வெண்குள்ளனாகச் சுருங்குகிறது. அதற்கு ஒரு ஜோடி இருந்து, அதிலிருந்து பொருள் வந்து சேர்ந்தாலோ, இரண்டு வெண்குள்ளன்கள் ஒன்றில் ஒன்று போய் விழுந்தாலோ, முழுசாக வெடித்துச் சிதறும். ஒரு வெண்குள்ளன் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கு வரம்பு உண்டு, சூரியனைப் போல 1.4 மடங்கு. 1930-இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது பத்தொன்பது வயது சந்திரசேகர் போட்ட கணக்கிலிருந்து பிறந்தது அது. எல்லா வெண்குள்ளன்களும் அந்த வரம்பைத் தொட்டுத்தான் வெடிக்கின்றன என்றில்லை, அதில் இன்னும் வழக்கு நடக்கிறது. வெடித்தால் என்ன கிடைக்கும் என்பதில் வழக்கில்லை: சூரியனின் எடையில் பாதிக்கு மேல் நிக்கல். அது ஆறு நாள் அரையாயுளில் கோபால்ட் ஆகி, கோபால்ட் 77 நாள் அரையாயுளில் இரும்பாகிவிடும். ஒரே வெடிப்பில் அவ்வளவு இரும்பு. ஆனால் அந்த வெடிப்புக்கு நடுத்தர விண்மீன் வாழ்ந்து முடிந்து, ஜோடியோடு சேர்ந்து, காத்திருக்க வேண்டும். பத்துக் கோடி ஆண்டும் ஆகலாம், ஆயிரம் கோடி ஆண்டும் ஆகலாம்.

ஆகவே மக்னீசியத்துக்கும் இரும்புக்கும் உள்ள விகிதம் ஒரு கடிகாரம். சூரியனில் 100 இரும்பு அணுவுக்குச் சுமார் 125 மக்னீசிய அணு. ஒளிவட்டத்துப் பழைய விண்மீன்கள் பலவற்றில் 250-லிருந்து 300 வரை. இரும்பு வியாபாரி கடை திறப்பதற்கு முன்பே பிறந்துவிட்டவை அவை.

இதில் ஒரு திருப்பம் இருக்கிறது, இந்தத் துறையில் எனக்கு மிகவும் ருசித்த இடம் அதுதான். 2010-இல் நிசன், ஷூஸ்டர் என்ற இரண்டு வானியலாளர்கள் சூரியனுக்கு அருகே உள்ள 94 விண்மீன்களை மிக நுணுக்கமாக அளந்தார்கள். இரும்பு அளவு ஒரே மாதிரி இருக்கும் ஒளிவட்ட விண்மீன்கள்கூட மக்னீசியத்தில் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. ஒன்றில் மக்னீசியம் அதிகம், மற்றொன்றில் குறைவு. ஒரே அடுப்பில் சமைத்த சோறு இரண்டு பதமாக வராது. குறைவாக உள்ள கூட்டம் மெதுவாகச் சமைத்த வேறு ஒரு வீட்டிலிருந்து, அதாவது பால்வீதி விழுங்கிய சின்ன விண்மீன் மண்டலம் ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார்கள். எட்டு ஆண்டு கழித்து அந்த வீட்டின் முகவரியே கிடைத்தது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2013-இல் ஏவிய கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்தது. 2018-இல் அந்தத் தரவைப் பிரித்துப் பார்த்தவர்கள், சுமார் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய மண்டலம் நம் பால்வீதிக்குள் வந்து விழுந்து கரைந்ததைக் கண்டார்கள். ஒரு குழு அதற்கு என்செலாடஸ் என்று புராணப் பெயர் வைத்தது. இன்னொரு குழு வேக வரைபடத்தில் அது தெரிந்த வடிவத்தைப் பார்த்துச் சாசேஜ் என்று வைத்தது. நம்மைக் கேட்டிருந்தால் கொழுக்கட்டை என்றிருப்போம்.

நம் தெருவில் குடியிருப்பவர் வேற்றூர்க்காரர் என்று அவர் உடம்பிலிருக்கும் மக்னீசியத்தை வைத்துச் சொல்ல முடிகிறது.

இனி வயது. கிழவன் செய்தித்தாளில் வந்தது இதனால்தான். 2013-இல் ஹபிள் தொலைநோக்கியால் அதன் தூரத்தைத் துல்லியமாக அளந்து வயது கணக்கிட்டார்கள். வந்த விடை 1,446 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடி. தகப்பனைவிட மூத்த பிள்ளை என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். விடையின் பின்பாதி தலைப்புகளில் வரவில்லை: கூட்டல் கழித்தல் 80 கோடி. கழித்துப் பார்த்தால் பிரபஞ்சத்துக்குள் அடங்கிவிடுகிறது. லேபில் வேலை செய்தவனுக்கு இது கோபமூட்டும் விஷயம். பிழை வரம்பைச் சொல்லாமல் ரீடிங் மட்டும் சொன்னால் எங்கள் மேஸ்திரியே ஏற்றுக்கொள்ள மாட்டார்.

கிழவன் ஹைட்ரஜனை நடுப்பகுதியில் தீர்த்துவிட்டு, வீங்கிச் சிவப்பதற்குக் கிளம்பும் கட்டத்தில் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் ஒரு விண்மீனின் உண்மையான பிரகாசம் அதன் வயதை இறுக்கமாகப் பிடித்துக் காட்டும். பிரகாசத்துக்குத் தூரம் தெரிய வேண்டும். கூடவே ஆக்சிஜன் எவ்வளவு, மேற்பரப்பு வெப்பநிலை எவ்வளவு, உள்ளே வெப்பம் கலங்கி மேலேறும் விதத்தைக் கணினியில் எப்படிப் போட்டோம் என்பதும் சேரும். இவற்றில் ஒன்றைக் கொஞ்சம் மாற்றினாலும் வயது பல பத்துக் கோடி ஆண்டுகள் நகரும். 2021-இல் வந்த ஒரு கணக்கு 1,200 கோடி, கூட்டல் கழித்தல் 50 கோடி என்றது. இப்போதைக்கு அந்த அக்கம்பக்கத்தில் நிற்கிறது. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறைக்கே 250 கோடி வயதுதான்.

லித்தியம் பற்றி ஒரு வார்த்தை. 1982-இல் ஸ்பீட் தம்பதியர் இத்தகைய பழைய விண்மீன்களில் லித்தியம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதைக் கண்டார்கள். பெருவெடிப்பு விட்டுச் சென்ற மிச்சம் என்று தோன்றியது. ஆனால் கணக்குப்படி அதைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். மீதி எங்கே போனது என்று இன்னும் தேடுகிறார்கள். விண்மீனே மெல்ல உள்ளே இழுத்து அழித்துவிட்டிருக்கலாம் என்பது பலர் சொல்லும் விடை.

இதெல்லாம் எங்கோ நடக்கும் வேலை என்று நினைக்க வேண்டாம். சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் ஆடியுள்ள அதன் பெரிய தொலைநோக்கி 1986-இலிருந்து இயங்குகிறது. விண்மீன் ஒளியைக் கண்ணாடி இழை வழியாகக் கொண்டுவந்து நுணுக்கமாகப் பிரிக்கும் நிறமாலைமானியும் அங்கே உண்டு. அதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் மையம் லடாக்கின் ஹான்லேயிலும் 2 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கிறது. உலோகம் குறைந்த விண்மீன்களைத் தேடும் வேலை அதிலும் நடக்கிறது.

மாமாவின் வெள்ளிக்கு வருகிறேன். இரும்பு வரைக்கும்தான் விண்மீனின் அடுப்பில் சாதாரணமாக வேகும். வெள்ளி, தங்கம், யூரோப்பியம் போன்றவற்றுக்கு வேறு தீ வேண்டும்: ஓர் அணுக்கரு மேல் நியூட்ரான்கள் மழையாகப் பொழிய வேண்டும். வெள்ளியில் பெரும்பங்கு அப்படி நொடிகளில் உண்டானது என்று கணிக்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதை ஈர்ப்பு அலையாகவும் ஒளியாகவும் பிடித்தார்கள். அந்த ஒளியில், இதே நியூட்ரான் மழையில் உண்டாகும் ஸ்ட்ரான்ஷியத்தின் தடம் இருந்ததை 2019-இல் கண்டார்கள். அப்படிப்பட்ட பட்டறைகளில் ஒன்றாவது நிச்சயம் எங்கே என்று தெரிந்தது.

சூரியனில் ஒரு டன் பொருளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் வெள்ளி. பழைய விண்மீன்களில் அதை அளப்பது படு கஷ்டம். அதன் கோடுகள் 328, 338 நானோமீட்டரில், புற ஊதாவின் ஓரத்தில் விழுகின்றன. நம் வளிமண்டலத்து ஓசோன் ஒளியை விழுங்கத் தொடங்கும் எல்லை அது. இருந்தும் சில விண்மீன்களில் அளந்துவிட்டார்கள். சிஎஸ் 22892-052 என்று தூரத்தில் ஒன்று இருக்கிறது. இரும்பு சூரியனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்த இரும்போடு ஒப்பிட்டால் யூரோப்பியம் சூரியனைப் போல நாற்பது மடங்கு, வெள்ளிக் கோடும் தெரிகிறது. அது பிறந்த மேகத்துக்குப் பக்கத்தில் எவரோ அப்போதுதான் ஒரு பட்டறை போட்டிருக்கிறார்கள்.

இதைச் சொல்லத்தான் பிப்ரவரி கடைசியில் மாமாவை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனேன். தெரிந்தவர் ஒருவரின் காபித் தோட்டத்து வாசலில், பின்னிரவு நாலு மணிக்கு. சுவாதி தலைக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் நின்றது. தெற்கே சேலத்தின் வெளிச்சம் அடிவானத்தைக் கெடுத்திருந்தாலும், அதற்கு வெகு மேலே தென்கிழக்கில் விசாகம், அதாவது துலாத்தின் இரண்டு தட்டுகள், தெளிவாக இருந்தன. வடக்குத் தட்டிலிருந்து கிழக்கே ஆறரை பாகை, கொஞ்சம் தெற்கே. பத்துக்கு ஐம்பது பைனாகுலரில் ஏறக்குறைய ஒரு பார்வை வட்டத்தின் அகலம். கிழவனின் பிரகாசம் 7.2, வெறுங்கண்ணுக்கு எட்டாது, பைனாகுலருக்கு எட்டும். வரைபடத்தோடு இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு மாமா கையில் கொடுத்தேன்.

இந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 200 வருடம் ஆகிறது, சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில் காபி போட்ட காலம் அது என்றேன். அங்கே ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் இரும்பு, வெள்ளி டன்னுக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது என்றேன்.

மாமா வெகு நேரம் பார்த்தார். பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தார்.

“டன்னுக்கு ஒரு மில்லின்னா சேதாரத்துக்கே பத்தாதே மாப்ள.”